நின்று காக்கும் பொறி

மண்ணில் இடம் குறுகக் குறுக, மாந்தர் விண்ணை நோக்கி வீடு கட்டத் தலைப்பட்டனர். ஒரு மாடியும் இரு மாடியுமாய் இருந்த நகரங்களில் இன்று பத்தும் இருபதுமான மாடிகளைக் கொண்ட மாளிகைகள் வரிசை வரிசையாய் எழுந்து நிற்கின்றன. அவற்றில் வாழும் முதியோரும், நோயுற்றோரும், கைக்குழந்தை ஏந்திய தாய்மாரும் சிறிதும் வருந்தாமல் மேலேறவும் கீழிறங்கவும் துணை செய்வது மின்தூக்கி. மக்கள் 'லிப்ட்' என்று வழங்குவதும் இதனையே. மின்தூக்கி இல்லையேல் வானளாவும் மாளிகைகளும் இல்லை எனலாம். இருபது மாடிகளுக்கு நாள்தோறும் படியேறி இறங்க எவர்தாம் உடன்படுவர்?

இத்துணைப் பயனுடைய இப்பொறி மின்னாற்றலால் இயங்குவது. மின்னாற்றலோ எந்நேரமும் தடையின்றிக் கிடைக்கும் என்று சொல்லுதற்கில்லை. புயலாலோ, கம்பி அறுதலாலோ, மின்நிலையப் பழுதாலோ அது நின்றுபோதல் உண்டு. விளக்கு அணைந்தால் இருள் சூழும், மின்விசிறி நின்றால் வியர்வை பெருகும், அவ்வளவே. ஒன்பதாம் மாடிக்கும் பத்தாம் மாடிக்கும் இடையே தொங்கிக்கொண்டிருக்கும் கூண்டின் நிலை யாது? அதனைத் தூக்கிய ஆற்றல் போயிற்றே, இனி அது கீழே வீழ்ந்து நொறுங்குமோ என்று உள்ளே இருப்போர் உள்ளம் நடுங்குதல் இயல்பு. இவ்வச்சம் பொய்யானது, ஆயினும் இவ்வச்சத்தால் விளையும் கேடு மெய்யானது. கூண்டு நின்றவுடன் பதறிக் கதவைப் பிளந்து, வெளியே குதிக்க முயன்று உயிரிழந்தவர் உளர். ஆதலின், மின்தடை நேருங்கால் மின்தூக்கியில் என்ன நிகழ்கின்றது என்பதை அனைவரும் அறிந்திருத்தல் நலம்.

பளுவைக் கயிற்றில் கட்டி மேலே இழுக்கும் வழக்கம் மிகப் பழமையானது. கிணற்றில் நீர் இறைப்போரும், கட்டடம் எழுப்புவோரும், சுரங்கம் அகழ்வோரும் இம்முறையைக் கையாண்டே வந்தனர். ஆயின், கயிறு அறுந்தால் பளு கீழே வீழ்தல் உறுதி. மூட்டை வீழ்ந்தால் பொருள் இழப்பு. மனிதர் வீழ்ந்தால் உயிரிழப்பு. ஆகவே, தூக்கியில் மக்கள் ஏறுதற்கு அஞ்சினர். இவ்வச்சத்தை நீக்கியவர் எலிசா ஓட்டிஸ் என்னும் அமெரிக்கக் கைவினைஞர். 1811-ஆம் ஆண்டில் பிறந்த இவர், 1852-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரை அடுத்த யாங்கர்சு என்னும் ஊரில், கட்டில் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பணியாற்றிவந்தார். கனத்த பொருள்களை மேல்மாடிக்கு ஏற்ற வேண்டிய தேவை அங்கே எழுந்தது. அப்பொழுது அவர், கயிறு அறுந்தாலும் மேடை வீழாதபடி காக்கும் கருவி ஒன்றை அமைத்தார்.

அக்கருவியின் அமைப்பு மிக எளியது. வண்டிகளில் பொருத்தும் எஃகு வில் ஒன்றை மேடையின் மேல் வைத்து, அதன் நடுவில் கயிற்றைப் பிணைத்தார். மேடையின் இருபுறமும் மேலிருந்து கீழ்வரை பற்கள் வெட்டிய தூண்களை நிறுத்தினார். கயிறு இழுத்துப் பிடித்திருக்கும் வரையில் வில் வளைந்து ஒடுங்கியிருக்கும். மேடை தடையின்றி ஏறியிறங்கும். கயிறு அறுந்த அந்நொடியே வில் நிமிரும், அதன் இரு முனைகளும் தூண்களின் பற்களில் சென்று மாட்டிக்கொள்ளும், மேடை நிற்கும். 1854-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்துக் கண்ணாடி மாளிகையில் நடந்த பொருட்காட்சியில், ஓட்டிஸ் தாமே மேடைமேல் ஏறி உயரே சென்றார். கூட்டம் அண்ணாந்து நோக்க, மேடையைத் தாங்கிய கயிற்றை வெட்டுமாறு பணித்தார். கயிறு அறுந்தது. மேடை சிறிதளவே இறங்கி, அசையாது நின்றது.

1857-ஆம் ஆண்டில், அந்நகரத்துப் பிராட்வே வீதியில் ஐந்து மாடிகள் கொண்ட கடை ஒன்றில், மக்கள் ஏறிச்செல்லும் தூக்கியை அவர் நிறுவினார். அது நீராவியால் இயங்கியது. 1861-ஆம் ஆண்டில் ஓட்டிஸ் மறைந்தார். அதன்பின், 1880-ஆம் ஆண்டில் செருமானிய அறிஞர் வெர்னர் வான் சீமன்சு, மான்கைம் நகரத்துப் பொருட்காட்சியில் மின்சாரத்தால் இயங்கும் தூக்கியை அமைத்துக் காட்டினார். நீராவி சென்று மின்சாரம் வந்தது. பல்வெட்டிய மரத்தூண் சென்று எஃகுத் தண்டவாளம் வந்தது. ஆயினும் ஓட்டிஸ் கண்ட உண்மை மட்டும் மாறவில்லை. காவற்கருவியை இயக்க ஒருவர் ஓடிவர வேண்டுவதில்லை. தாங்கிய ஆற்றல் நீங்குவதே காவலை இயக்க வேண்டும் என்பதே அவ்வுண்மை.

இவ்வுண்மை இக்கால மின்தூக்கியில் எவ்வாறு அமைந்துள்ளது என்பது அறியத்தக்கது. மக்கள் நிற்கும் கூண்டு, கிணறு போன்ற செங்குத்தான வழியில் இரு தண்டவாளங்களைப் பற்றியவாறு ஏறியிறங்குகின்றது. அதனைத் தாங்கும் எஃகுக் கயிறுகள் உச்சியிலுள்ள கப்பியின் மேற்சென்று மறுபுறம் இறங்குகின்றன. அம்மறுமுனையில் எதிர்ப்பளு ஒன்று தொங்குகின்றது. துலாக்கோலின் இரு தட்டுகளைப் போலக் கூண்டு ஏறும்போது எதிர்ப்பளு இறங்கும். கூண்டு இறங்கும்போது எதிர்ப்பளு ஏறும். கூண்டின் எடையோடு, அது சுமக்கத்தக்க முழுப் பாரத்தில் ஏறத்தாழப் பாதியையும் சேர்த்த எடையே எதிர்ப்பளுவின் எடையாகும். ஆகவே, மின்பொறி முழுப் பாரத்தையும் தூக்க வேண்டுவதில்லை. இருபுறத்து எடைக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் தூக்கினால் போதும். கயிறும் ஒன்றன்று, பல. மூன்றும் அதற்கு மேலும் கயிறுகள் உள்ள இத்தகைய தூக்கியில், தாங்க வேண்டிய பளுவைப்போல் குறைந்தது 12 மடங்கு வலிமை கயிறுகளுக்கு இருத்தல் வேண்டும் என்று ஐரோப்பிய நெறிமுறை விதிக்கின்றது.

இனி, மின்தடை நேரும்போது கூண்டை நிறுத்துவது எது? அதுவே பிரேக்கு என்னும் நிறுத்துகருவி. மிதிவண்டியின் பிரேக்கை மனிதன் அழுத்தினால்தான் அது பற்றும். அழுத்தாவிடில் வண்டி ஓடும். மின்தூக்கியின் பிரேக்கோ இதற்கு நேர்மாறானது. வலிய சுருள்விற்கள் அதனை எப்பொழுதும் இறுக அழுத்திக்கொண்டே இருக்கும். தூக்கி இயங்க வேண்டுமாயின், மின்காந்தம் ஒன்று அவ்விற்களின் வலியை எதிர்த்துப் பிரேக்கை விலக்கிப் பிடிக்க வேண்டும். மின்காந்தத்திற்கு உயிர் மின்சாரம். மின்சாரம் நின்றால் காந்தம் வலியிழக்கும், காந்தம் வலியிழந்தால் விற்கள் பாயும், பிரேக்கு இறுகும், கூண்டு நிற்கும். விற்களுக்கு மின்சாரம் வேண்டா; மனிதன் கையும் வேண்டா. எனவே, மின்தடை என்பது தூக்கிக்கு 'நில்' என்னும் ஆணையாகவே அமைகின்றது. வீழுமோ என்று மக்கள் அஞ்சும் அந்நொடியிலேதான் கூண்டு மிக உறுதியாகப் பற்றப்பட்டுள்ளது.

பிரேக்கு தவறினால் என்செய்வது என வினவலாம். அதற்கும் காவல் உண்டு. கூண்டோடு பிணைத்த தனிக்கயிறு ஒன்று, கவர்னர் என்னும் வேகக் காவற் சக்கரத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கும். கூண்டு தனக்கு வரையறுத்த வேகத்தை மிஞ்சி இறங்கத் தொடங்கினால், இச்சக்கரம் கயிற்றைப் பற்றி நிறுத்தும். நின்ற கயிறு, கூண்டின் அடியிலுள்ள ஆப்புகளை இழுக்கும்; அவ்வாப்புகள் தண்டவாளங்களை இருபுறமும் கவ்வும். ஓட்டிசின் வில்லுக்கு வழித்தோன்றல் இதுவே. இதற்கும் மின்சாரம் தேவையில்லை. இவை அனைத்தையும் கடந்து கூண்டு அடிக்குச் சென்றாலும், அங்கே அதிர்ச்சியைத் தாங்கும் தாங்குகருவிகள் கிணற்றின் தரையில் நிறுத்தப்பட்டுள்ளன. மதிலும் அகழியும் சூழ்ந்த கோட்டையைப்போல, ஒரு காவலுக்குப் பின் மற்றொரு காவலாக இவை அமைந்துள்ளன.

இக்காவலை ஒரு பெருநகரமே ஒரு மாலைப்பொழுதில் சோதித்தறிய நேர்ந்தது. 1965-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 9-ஆம் நாள், கனடா நாட்டில் நயாகரா அருவியை அடுத்த மின்நிலையம் ஒன்றில், ரிலே என்னும் சிறு காவற்கருவி, வைக்கவேண்டிய அளவிற்குக் குறைவாக வைக்கப்பட்டிருந்தமையால், தேவையின்றி ஒரு மின்தடத்தை அறுத்தது. அத்தடத்தின் சுமை மற்றவற்றின்மேல் ஏற, அவையும் ஒன்றன்பின் ஒன்றாய் அறுந்தன. சில நிமிடங்களில் அமெரிக்க நாட்டின் வடகிழக்குப் பகுதியும் கனடாவின் ஒண்டாரியோ மாநிலமும் இருளில் மூழ்கின. ஏறத்தாழ 3 கோடி மக்கள் மின்சாரம் இழந்தனர். சில இடங்களில் 13 மணி நேரம் வரை இருள் நீங்கவில்லை. நியூயார்க் நகரில் அப்பொழுது மாலை ஐந்தரை மணியளவு. அலுவல் முடிந்து மக்கள் வீடு திரும்பும் வேளை. உயர்ந்த மாளிகைகளில் ஏறியிறங்கிக்கொண்டிருந்த மின்தூக்கிகள் பல, மக்களோடு இடைவழியில் நின்றுவிட்டன.

விற்கள் தம் கடமையைச் செய்தன. கூண்டுகள் நின்ற இடத்திலேயே நின்றன. ஆனால் அவற்றை மீட்டல் எளிதாயிருக்கவில்லை. கீழ்மாடிகளில் நில்லாது உயர் மாடிகளுக்கு நேரே செல்லும் தூக்கிகளின் கிணறுகளில், இடையே கதவுகள் இல்லை. ஆதலின், சில மாளிகைகளில் சுவரை இடித்து வழிசெய்து மக்களை வெளிக்கொணர வேண்டியதாயிற்று. மணிக்கணக்கில் இருளில் அடைபட்டோர், அயலாரோடு உரையாடியும் ஒருவருக்கொருவர் தேறுதல் கூறியும் பொழுதைப் போக்கினர். மீண்டும் 2003-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 14-ஆம் நாள், ஏறத்தாழ 5 கோடி மக்களை இருளில் ஆழ்த்திய மின்தடை அப்பகுதியில் நேர்ந்தது. அப்பொழுதும் நியூயார்க் நகரத்துத் தீயணைப்புப் படையினர் நூற்றுக்கணக்கான மின்தூக்கிகளிலிருந்து மக்களை மீட்டனர். கூண்டை நிறுத்துதல் மட்டும் போதாது. உள்ளிருப்போரை விரைந்து விடுவித்தலும் வேண்டும் என்பதை இத்தகைய நிகழ்ச்சிகள் உணர்த்தின.

அதற்கேற்பப் பல வசதிகள் இன்று மின்தூக்கிகளில் அமைந்துள்ளன. மின்கலத்தால் எரியும் சிறு விளக்கு, மின்தடை நேர்ந்தவுடன் கூண்டினுள் ஒளி தரும். ஐரோப்பிய நெறிமுறைப்படி அவ்விளக்கு ஒரு மணி நேரமேனும் எரிதல் வேண்டும். எச்சரிக்கை மணியும், வெளியிலிருப்போரோடு பேசும் கருவியும் உண்டு. தானியங்கி மீட்புக்கருவி பொருத்திய தூக்கிகளில், மின்தடை நேர்ந்த சிறிது நேரத்தில் மின்கலம் பொறியை மெல்ல இயக்கி, கூண்டை அருகிலுள்ள மாடிக்குக் கொண்டு சேர்த்துக் கதவைத் திறந்துவிடும். பெரிய மாளிகைகளில் ஜெனரேட்டர் இயங்கத் தொடங்கித் தூக்கிகளுக்கு ஆற்றல் தரும். எல்லாத் தூக்கிகளையும் ஒருசேர இயக்கும் வலிமை அதற்கு இல்லாவிடின், அவை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கப்படும். ஆதலின், தம் முறை வரும்வரை உள்ளிருப்போர் காத்திருத்தல் வேண்டும்.

அடைபட்ட கூண்டில் காற்று தீர்ந்து மூச்சுத் திணறுமோ என்று சிலர் அஞ்சுவர். கூண்டு காற்றுப் புகாப் பேழையன்று. அதன் மேற்பகுதியிலும் கீழ்ப்பகுதியிலும் காற்றுச் செல்லத் துளைகள் உள்ளன. கதவிடுக்குகளிலும் காற்று நுழையும். மின்விசிறி நின்றமையால் புழுக்கம் தோன்றலாம். காற்று இல்லாமற் போவதில்லை.

ஆயின், உண்மையான இடர் எங்கே உளது? அவசரத்தில் உளது. கூண்டு இரு மாடிகளுக்கு இடையே நின்றிருக்க, உள்ளிருப்பவர் கதவை வலிந்து திறக்கின்றார் என்று கொள்க. எதிரே பாதி சுவரும் பாதி வெளியுமாகத் தோன்றும். கீழே தெரியும் மாடித்தரையில் குதித்துவிடலாம் என்று அவர் எண்ணுவார். அத்தரைக்கும் கூண்டின் அடிக்கும் இடையே இருண்ட கிணறு வாய்திறந்து நிற்பதை அவர் நினைப்பதில்லை. கால் சறுக்கினாலோ, குதித்த விசையில் உடல் பின்னோக்கிச் சாய்ந்தாலோ, அவ்விடைவெளி வழியே பல மாடிகளின் ஆழத்தில் வீழ நேரும். இதனைத் தடுத்தற்காகவே கூண்டின் வாயிலுக்குக் கீழே தகடு ஒன்று தொங்கவிடப்பட்டுள்ளது. எனினும் அது மறைக்கும் உயரம் ஓர் அளவினதே. பாதி உடல் வெளியே இருக்கும்போது மின்சாரம் மீண்டு கூண்டு நகருமாயின், விளையும் கொடுமை சொல்லுந்தரமன்று. பூட்டும் மின்னிணைப்பும் இதனைத் தடுக்கவே உள்ளன; ஆயினும் வலிந்து சிதைத்த காவலை நம்புதல் எவ்வாறு?

மீட்க வருவோர்க்கும் இது பொருந்தும். முறை அறியாத காவலர், இரக்கத்தால் உந்தப்பட்டு, மாடிக்கதவைத் திறவுகோலால் திறந்துவிடுதல் உண்டு. கூண்டு அங்கில்லாதிருக்க, இருளில் ஒருவர் கூண்டு உளதெனக் காலை வைத்தால் கிணற்றில் வீழ்வார். பயின்றவர் செய்யும் முறை வேறு. முதலில் அவர் தூக்கியின் மின்னிணைப்பை முற்றிலும் துண்டிப்பார். மின்சாரம் மீண்டாலும் கூண்டு நகராதிருத்தற்கு இது வேண்டும். அடுத்து, கதவுகள் மூடியிருத்தலை உறுதி செய்து, உள்ளிருப்போர்க்கு அறிவிப்பார். பின்னரே பிரேக்கைச் சிறிது சிறிதாக விடுவித்து, கூண்டை மெல்ல நகர்த்தி ஒரு மாடிக்கு நேராக நிறுத்துவார். அப்பொழுது வியப்பொன்று நிகழும். ஓரிருவரே உள்ள கூண்டு கீழே இறங்குவதற்கு மாறாக மேலே ஏறும்! எதிர்ப்பளு அதனினும் கனமாயிருத்தலே இதற்குக் காரணம். பிரேக்கை விட்டால் கூண்டு வீழும் என்று நம்புவோர்க்கு இஃது ஒரு நல்ல பாடம்.

உள்ளிருப்போர் செய்ய வேண்டுவன சிலவே. எச்சரிக்கை மணியை அழுத்துதல் வேண்டும். பேசும் கருவி இருப்பின் தாம் இருக்கும் இடத்தையும் தம்முள் நோயாளிகள், குழந்தைகள் உளராயின் அதனையும் தெரிவித்தல் வேண்டும். கதவினின்று விலகி நிற்றலும், களைத்தால் தரையில் அமர்தலும் நலம். அஞ்சும் குழந்தைகளுக்கும் முதியோர்க்கும் இன்சொல் கூறித் தேற்றுதல் உடனிருப்போர் கடமை. கதவைப் பிளத்தலும், கூண்டின் கூரைவழி ஏற முயலுதலும், துள்ளிக் குதித்தலும் ஆகா. கூண்டு தானே ஒரு மாடியில் நின்று கதவு திறந்தாலும், தரை சமமாயிருத்தலைக் கண்ணால் கண்ட பின்னரே அடி எடுத்து வைத்தல் அறிவுடைமை. தீப்பற்றிய கட்டடத்திலோ மின்தூக்கியில் ஏறவே கூடாது. நெருப்பால் மின்சாரம் நின்றால் கூண்டு நிற்கும். கிணறோ புகைபோக்கியைப்போல் புகையை நிரப்பிக்கொள்ளும். அவ்வேளையில் படிக்கட்டே துணை.

காவற்கருவிக்கும் காவல் வேண்டும் என்பது மறக்கத்தக்கதன்று. பிரேக்கின் பட்டை தேயும். கயிற்றின் இழைகள் அறும். மின்கலம் நாளடைவில் வலியிழக்கும். ஆண்டுக்கணக்கில் ஒலிக்காத மணி, வேண்டும்போது ஒலிக்கும் என்பதற்கு உறுதி யாது? ஆகவே, உரிய காலத்தில் வல்லுநரைக் கொண்டு இவற்றைச் சோதித்தலும், பழுது கண்டவழித் தூக்கியை நிறுத்தி வைத்தலும் கட்டட உரிமையாளரின் கடமைகள். அளவிற்கு மேல் ஆட்கள் ஏறாதிருத்தல் பயன்படுத்துவோர் கடமை. ஓட்டிஸ் கண்ட வில் எத்துணை நுட்பமானதாயினும், அதனைத் துருப்பிடிக்க விட்டால் அது நிமிருமோ?

பதறாத காரியம் சிதறாது என்பது பழமொழி. ஆற்றல் உள்ளவரை உழைத்து, ஆற்றல் நீங்கியபோது நிலை தவறாது நின்று, தன்னை நம்பி ஏறியோரைக் காத்தலே மின்தூக்கியின் இயல்பு. அதனுள் இருப்போரும் அவ்வாறே பதறாது நின்றால், மின்தடை என்பது சிறிது நேரக் காத்திருப்பாகவே முடியும். பொறி நிற்பதற்கு வில் துணை. மனிதன் நிற்பதற்கு அறிவு துணை. இவ்விரண்டும் ஒருங்கு அமைந்த இடத்தில் இருளுக்கு அஞ்ச வேண்டுவதில்லை.

வினாக்கள்

1. எலிசா ஓட்டிஸ் அமைத்த காவற்கருவி எவ்வாறு இயங்கியது?
2. மிதிவண்டியின் பிரேக்கிற்கும் மின்தூக்கியின் பிரேக்கிற்கும் உள்ள வேறுபாடு யாது?
3. ஓரிருவரே உள்ள கூண்டு, பிரேக்கை விடுவித்தால் மேலே ஏறுவது ஏன்?
4. இரு மாடிகளுக்கு இடையே நின்ற கூண்டிலிருந்து குதிக்கக் கூடாது என்பதற்குக் காரணங்களைக் கூறுக.
5. 'காவற்கருவிக்கும் காவல் வேண்டும்' என்பதனை விளக்கி ஒரு பத்தி எழுதுக.